எந்த முக்கூடல்?

திருநெல்வேலியிலிருந்து மேற்கே பாபநாசம் செல்லும் திசையில், ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், தாமிரபரணியை ஒட்டி அமைந்திருக்கும் முக்கூடல் என்னும் பேரூர், பீடித் தொழிலாலும் முத்துமாலையம்மன் கோயிலாலும் தென்மாவட்டங்களில் பெயர் பெற்றது. இவ்வூரின் பெயரைக் கேட்ட மாத்திரத்தில், பள்ளியில் தமிழ் படித்த எவருக்கும் ஒரு செய்தி நினைவுக்கு வருவது இயல்பு: பள்ளு நூல்களுள் தலைசிறந்ததாகிய முக்கூடற்பள்ளு எழுந்த மண் இதுவே என்பது அச்செய்தி. பீடி சுற்றும் ஊரொன்று முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட இலக்கியத்தின் நிலைக்களமாகவும் இருப்பது கேட்போரை வியக்க வைக்கும். வியப்பினாலேயே அது ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் செவிக்குத் தடையின்றிச் செல்லும். ஆனால் அது உண்மையன்று. பள்ளு பாடும் முக்கூடல் வேறு, இன்று அப்பெயரைத் தாங்கி நிற்கும் ஊர் வேறு. இரண்டுக்கும் நடுவே திருநெல்வேலி நகரமே கிடக்கிறது.

வியப்பூட்டும் சிறு செய்தியைத் தமிழ் இதழுலகம் துணுக்கு என்று வழங்கி வந்துள்ளது. தமிழ்வாணன் ஆசிரியராக இருந்து வளர்த்த ‘கல்கண்டு’ போன்ற இதழ்கள் துணுக்குகளைப் படிக்கும் பழக்கத்தைச் சிற்றூர்த் தேநீர்க்கடை வரை கொண்டு சேர்த்தன. பொது அறிவு என்ற ஒன்றைப் பல்லாயிரவர் முதன்முதலில் பெற்றது அவ்வழியில்தான் என்பதால், துணுக்கை இழிவாக எண்ணுவதற்கில்லை. துணுக்கு என்ற சொல்லின் பொருளே சிறு துண்டு என்பதாகும். பெரும்பொருளிலிருந்து உடைந்து தெறித்த துண்டு, தான் எப்பொருளின் எப்பகுதியிலிருந்து உடைந்தது என்பதைத் தன்னோடு எடுத்துச் செல்வதில்லை. ஆகவே ஒரு துணுக்கு மெய்யா பொய்யா என்று ஆராய்வது, பெரும்பாலும், அது எந்த இடத்திலிருந்து பெயர்ந்தது என்று தேடி அங்கே அதைப் பொருத்திப் பார்ப்பதாகவே முடிகிறது. முக்கூடலைப் பற்றிய செய்திகளுக்கு இம்முறை மிகவும் பொருந்தும். ஏனெனில் இங்கு இடம் மாறிப்போனது செய்தி மட்டுமன்று, ஊரின் பெயரே இடம் மாறி உணரப்படுகிறது.

பள்ளு என்பது சிற்றிலக்கிய வகைகளுள் ஒன்று. நன்செய் நிலத்தில் உழுது பயிரிடும் பள்ளர் குடியினரின் வாழ்க்கையை, ஒரு குடும்பனையும் அவன் மனைவியர் இருவரையும் நிலத்தை மேற்பார்க்கும் பண்ணைக்காரனையும் மாந்தராகக் கொண்டு, நாடகப் பாங்கில் பாடுவது இதன் அமைப்பு. குடும்பன் என்பது அக்குடியின் தலைவனுக்குரிய பெயர். முக்கூடற்பள்ளில் தலைவன் அழகக் குடும்பன். மூத்தவள் முக்கூடற் பள்ளி. இளையவள் மருதூர்ப் பள்ளி. மூத்தவள் திருமாலை வழிபடுபவள், இளையவள் சிவனை வழிபடுபவள் என்பதால், சக்களத்தியர் இருவரின் சண்டை இரு சமயங்களின் ஏசலாகவும் விரிந்து, இறுதியில் இருவரும் இணங்குவதோடு அடங்குகிறது. நூலின் காலம் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி என்று ஆய்வாளர் கருதுவர். மு. அருணாசலம் 1940ஆம் ஆண்டில் ஆராய்ச்சிக் குறிப்புகளோடு வெளியிட்ட பதிப்பே இந்நூலைக் கற்றோரிடையே பரவச் செய்தது.

இடத்தைப் பற்றி நூலே தெளிவாகப் பேசுகிறது என்பதுதான் இங்கு முதன்மையானது. மூத்தவள் ஆசூர் வடகரை நாட்டைத் தன் நாடாகப் பாடுகிறாள். இளையவள் சீவலமங்கைத் தென்கரை நாட்டைத் தன்னுடையதாகப் பாடுகிறாள். நாடு என்பது இங்கே அரசொன்றின் பரப்பைக் குறிப்பதன்று. பாண்டியர் காலந்தொட்டு வழங்கிய, சில பல ஊர்கள் சேர்ந்த வேளாண் நிலப்பிரிவு அது. வடகரை, தென்கரை என்னும் சொற்கள் ஓர் ஆற்றை நடுவில் வைத்து எதிரெதிரே கிடந்த இரு நிலப்பிரிவுகளைக் காட்டுகின்றன. முக்கூடல் என்ற பெயர் தண்பொருநையாகிய தாமிரபரணியும், சிற்றாறும், கோதண்டராம ஆறும் கூடுவதால் வந்தது என்பதே மரபாகச் சொல்லப்படும் விளக்கம். பாட்டுடைத் தலைவராக அமைபவர் முக்கூடலில் கோயில் கொண்ட அழகர். குடும்பனுக்கு அழகன் என்ற பெயர் வந்ததும் அக்கடவுளின் பெயரைத் தொட்டுத்தான்.

இம்மூன்று ஆறுகளுள் சிற்றாறே வழக்கைத் தீர்த்துவிடுகிறது. குற்றாலத்து மலையில் தோன்றித் தென்காசி வழியாகக் கிழக்கு நோக்கி ஓடி, கங்கைகொண்டானைக் கடந்து, ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நடந்தபின் சிற்றாறு தாமிரபரணியில் சேர்வது திருநெல்வேலிக்கு வடகிழக்கே உள்ள சீவலப்பேரியை ஒட்டிய இடத்தில்தான். கயத்தாற்றுப் பக்கமிருந்து இறங்கிவரும் சிற்றோடையைக் கோதண்டராம ஆறு என்பர். அதுவும் அதே சுற்றுப்புறத்தில்தான் கூடுகிறது. இன்றைய முக்கூடல் பேரூரோ அவ்விடத்திற்கு வெகுதொலைவு மேற்கே, ஆற்றின் மேல்பகுதியில் இருக்கிறது. சிற்றாறு அங்கு வந்து சேர்வதற்கு நிலத்தின் சரிவு இடங்கொடாது. ஆகையால் பள்ளின் முக்கூடல் இன்றைய சீவலப்பேரிப் பகுதியே என்பதில் தமிழறிஞரிடையே கருத்து வேறுபாடு இல்லை. பள்ளிப் பாடநூலின் நூற்குறிப்பும் திருநெல்வேலிக்கு வடகிழக்கே என்றே திசையைச் சுட்டுகிறது.

அவ்வாறிருக்க, தவறு ஏன் உயிரோடிருக்கிறது? பெயரொற்றுமை ஒரு காரணம். அதைவிட நுட்பமான காரணம் இன்னொன்றும் உண்டு. இன்றைய முக்கூடலுக்கு அருகிலேயே திருப்புடைமருதூர் என்னும் ஊர் இருக்கிறது. நாறும்பூநாதர் கோயிலும், அதன் கோபுர நிலைகளுக்குள் தீட்டப்பட்ட நாயக்கர் கால ஓவியங்களும் மரச்சிற்பங்களும் அவ்வூருக்குப் புகழ் தந்தவை. கடனாநதி தாமிரபரணியோடு கலப்பதும் அங்குதான். முக்கூடல் என்றோர் ஊர், அதன் பக்கத்தில் மருதூர் என்றோர் ஊர், அம்மருதூரில் ஒரு சிவன் கோயில், ஓர் ஆற்றுக் கூடல்: பள்ளைப் படித்துவிட்டு நிலப்படத்தை விரிப்பவர் இந்நான்கையும் ஒருங்கே கண்டால், மூத்தவளின் ஊரும் சிவனடியாளாகிய இளையவளின் ஊரும் கிடைத்துவிட்டன என்று நம்புவதில் வியப்பில்லை. தவறான விடைக்கு இத்தனை சான்றுகள் தாமே வந்து பொருந்துவது அரிது. ஆனால் பள்ளின் மருதூர், சீவலப்பேரிக்குக் கீழே, தாமிரபரணியின் குறுக்கே மருதூர் அணைக்கட்டு அமைந்திருக்கும் பகுதியைச் சேர்ந்தது. அவ்வணையிலிருந்து பிரியும் மேலக்காலும் கீழக்காலும் இன்றும் வயல்களுக்கு நீர் கொண்டுசெல்கின்றன. ஆக, பொருநையின் மேல்பகுதியில் ஒரு முக்கூடல்–மருதூர் இணையும் கீழ்ப்பகுதியில் இன்னொரு முக்கூடல்–மருதூர் இணையும் இருக்கின்றன. மருத மரங்கள் செறிந்த ஆற்றங்கரையில் மருதூர்கள் பல தோன்றுவதும், ஆறுகள் பல கூடும் படுகையில் முக்கூடல்கள் பல தோன்றுவதும் இயல்பே.

பழைய முக்கூடல் தன் பெயரை இழந்து சீவலப்பேரி ஆனது எவ்வாறு என்ற கேள்வி அடுத்து எழுகிறது. ஸ்ரீவல்லபன் என்னும் பாண்டிய மன்னன் பெயரால் அமைந்த பேரேரி, அதாவது பெரிய பாசனக் குளம், ஸ்ரீவல்லபப் பேரேரி என வழங்கி, மக்கள் நாவில் தேய்ந்து சீவலப்பேரி ஆயிற்று என்பது பலரும் ஏற்கும் விளக்கம். பள்ளில் வரும் சீவலமங்கை என்ற பெயரிலும் அதே ஸ்ரீவல்லபனின் சாயல் தெரிவதால், அப்பகுதியில் அப்பெயர் ஆழ வேரூன்றியிருந்தது புலனாகிறது. இவ்வளவில் செய்தி உறுதியானது. ஆனால் துணுக்காக உலவும்போது, 9ஆம் நூற்றாண்டில் ஆண்ட சீமாறன் சீவல்லபன் வெட்டிய ஏரி இது என்று ஒரு குறிப்பிட்ட மன்னனின் கணக்கில் அது எழுதப்பட்டுவிடுகிறது. சீவல்லபன் என்ற பெயர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. 12ஆம் நூற்றாண்டில் சடையவர்மன் ஸ்ரீவல்லபன், மாறவர்மன் ஸ்ரீவல்லபன் என்று இன்னும் இருவர் ஆண்டுள்ளனர். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு மூவருள் ஒருவரைத் தேர்ந்தெடுப்பது வரலாறு ஆகாது. பாண்டியன் ஒருவன் பெயரால் அமைந்த ஏரி என்பதோடு நிறுத்திக்கொள்வதே முறை. அவ்வாறு நிறுத்தினால் செய்தியின் சுவை குறையும் என்பது உண்மைதான். எனினும் மன்னனின் பெயரும் நூற்றாண்டும் துல்லியமாகச் சொல்லப்படும் துணுக்குகளிலேயே கூடுதல் கவனம் தேவைப்படுகிறது.

அதே சீவலப்பேரி, 20ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஜூனியர் விகடனில் சௌபா எழுதிய தொடராலும் அதனடியாக 1994இல் வந்த ‘சீவலப்பேரி பாண்டி’ திரைப்படத்தாலும் தமிழகம் முழுவதும் தெரிந்த பெயராயிற்று. சுடலை மாடன் கோயிலுக்கு வருவோர்க்கு அது வழிபாட்டூர். திரைப்படம் பார்த்தோர்க்கு அது அரிவாள் தூக்கிய ஒருவனின் ஊர். பள்ளின் அழகக் குடும்பன் உழுத ஊர் இதுதான் என்பது இவ்விரண்டின் அடியில் மறைந்து கிடக்கிறது. ஊர்ப்பெயர் மாறியதால் இலக்கியம் தன் நிலத்தை இழந்தது. நிலமும் தன் இலக்கியத்தை இழந்தது. இது வருந்தத்தக்க இழப்பு.

முக்கூடல் என்ற பெயர் பொருநைக் கரைக்கு மட்டும் உரியதன்று என்பதையும் இவ்விடத்தில் காணவேண்டும். கரூருக்கு அருகே அமராவதி காவிரியோடு கூடுமிடத்தில் திருமுக்கூடலூர் உண்டு. திருவாரூருக்கு அருகே அப்பர் பாடிய திருப்பள்ளி முக்கூடல் உண்டு. காஞ்சிபுரம் பகுதியில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேருமிடத்தில் திருமுக்கூடல் உண்டு. இவற்றுள் கடைசியாகச் சொன்ன ஊரைப் பற்றிய செய்தி, கேட்டவுடன் மிகையென்று தோன்றும் தன்மையது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே, பதினைந்து படுக்கைகளும் மருத்துவர் ஒருவரும், சல்லியக்கிரியை எனப்படும் அறுவை செய்வார் ஒருவரும், மருந்துச் செடிகொடிகளைக் கொண்டுவருவார் இருவரும், நோயாளிகளைப் பேணும் பெண்கள் இருவரும் அமைந்த மருத்துவமனை ஒன்று கோயிலின் அறக்கொடையில் இயங்கியது என்பது அச்செய்தி. அதன் பெயர் வீரசோழன். அது ஆதுலர் சாலை எனக் குறிக்கப்படுகிறது. ஆதுலர் என்பார் நோயுற்றோர்.

இத்துணுக்கு மெய். 11ஆம் நூற்றாண்டின் 60களில் ஆண்ட வீரராசேந்திர சோழனின் நீண்ட கல்வெட்டு அவ்வூர்ப் பெருமாள் கோயிலில் இருக்கிறது. யார் யாருக்கு எவ்வளவு நெல், எவ்வளவு காசு என்பதும், ஆண்டுதோறும் இருப்பில் வைக்கவேண்டிய மருந்துகளின் பெயர்களும் அதில் வரிசையாக வெட்டப்பட்டுள்ளன. அங்குப் பணியாற்றிய மருத்துவரின் பெயர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் என்பதுவரை கல் சொல்கிறது. ஊதியக் கணக்கு என்பது புகழுக்காக எழுதப்படுவதன்று, கொடுக்கல் வாங்கலில் வழக்கு வராமலிருக்க எழுதப்படுவது. அதனாலேயே அதன் சாட்சியம் வலுவுடையது. ஆயினும் இதே செய்தி வாய்மாறும்போது, உலகின் முதல் மருத்துவமனை தமிழகத்தில் இருந்தது என்று வளர்ந்துவிடுவதுண்டு. ஈழத்தில் மிகிந்தலையில் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மருத்துவமனையின் அடித்தளமும், நோயாளியைக் கிடத்தி மருந்து நீரில் ஊறவைக்கும் கல் தொட்டியும் இன்றும் காணக் கிடைப்பதால், அம்முதன்மை நிலைக்காது. பதினைந்து படுக்கை என்ற உண்மையே போதிய வியப்புடையதாக இருக்க, முதல் என்ற சொல்லை அதன்மேல் ஏற்றி அதைப் பொய்யாக்குவது அக்கல்வெட்டுக்கே இழைக்கும் அநீதி.

முதல் என்ற அடைமொழியின் தொல்லை முக்கூடற்பள்ளையும் விடவில்லை. போட்டித் தேர்வுக்கு ஆயத்தமாவோர் கையாளும் வினாவிடைத் தொகுப்புகளில், முதல் பள்ளு நூல் முக்கூடற்பள்ளு என்று விடை எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். கமலை ஞானப்பிரகாசர் பெயரால் வழங்கும் திருவாரூர்ப் பள்ளு 16ஆம் நூற்றாண்டினது. ஈழத்தில் கதிர்காமத்து முருகன்மேல் எழுந்த கதிரைமலைப் பள்ளும் காலத்தால் முந்தியது என்று கொள்வோர் உண்டு. உழத்திப்பாட்டு என்னும் பெயரில் இவ்வகையின் கருவைப் பாட்டியல் நூல்கள், அதாவது சிற்றிலக்கிய வகைகளுக்கு இலக்கணம் கூறும் நூல்கள், முன்னரே சுட்டியிருப்பதையும் சேர்த்து நோக்கினால், முக்கூடற்பள்ளு ஒரு நெடிய மரபின் நடுவில் வந்து அம்மரபின் உச்சியைத் தொட்ட நூல் என்பது விளங்கும். சிறந்தது என்ற பொருளில் யாரோ முதன்மையானது என்று எழுத, அது முதலாவது என்று படிக்கப்பட்டிருத்தல் கூடும்.

நூலாசிரியர் செய்தியும் இத்தகையதே. ஆசிரியர் பெயர் அறியப்படவில்லை என்பது அறிஞர் முடிபு; என்னயினாப் புலவர் இதனை நாடகமாக இயற்றினார் என்று சொல்லப்படும் மரபு ஒன்றும் உண்டு. இவ்விரண்டையும் ஒரே வரியில் சேர்த்து மனப்பாடம் செய்யும்போது, நாளடைவில் முற்பாதி உதிர்ந்து, என்னயினாப் புலவர் எழுதிய முக்கூடற்பள்ளு என்பதே எஞ்சுகிறது. பெயரில்லாத ஆசிரியரைவிடப் பெயருள்ள ஆசிரியர் நினைவில் நிற்க எளியவர்.

பள்ளு உழவர் தாமே பாடிய நாட்டுப்பாடல் என்ற கருத்தும் பரவலாக உண்டு. சிந்து முதலிய இசைப்பாட்டு வடிவங்கள் உழவர் வாய்ப்பாட்டின் ஓசையைத் தழுவியவை என்பது சரியே. ஆனால் கலிப்பாவும் கலித்துறையும் விரவிவரும் இந்நூல் யாப்பறிந்த புலவரின் படைப்பு. பள்ளர் வாழ்க்கையைப் பள்ளர் அல்லாதார் பார்வையில் அது காட்டுகிறது. மூத்தவளின் முறையீட்டைக் கேட்ட பண்ணைக்காரன் குடும்பனின் காலை மரக்கட்டையில் மாட்டித் தண்டிப்பதும், அவளே பின்னர் மனமிரங்கி விடுவிக்க வேண்டுவதும் நகைச்சுவையாகப் பாடப்பட்டுள்ளன. நிலம் யாருடையது, விளைந்த நெல் எங்கே சென்றது, உழுதவனின் காலில் கட்டை ஏன் ஏறியது என்று இன்று படிப்போர் கேட்கும்போது, அந்த நகைச்சுவையின் அடியில் நன்செய்ப் பொருளாதாரத்தின் கடுமை வெளிப்படுகிறது. அப்பார்வையோடு படித்தாலும் நூலின் அறிவுச்செல்வம் குறைவதில்லை. சீரகச்சம்பா, கருங்குறுவை, புனுகுச்சம்பா, மலைமுண்டன், சிறைமீட்டான் என்று விரியும் நெல்வகைப் பெயர்களும், கொம்பும் குளம்பும் நிறமும் பார்த்து இட்ட மாட்டுப் பெயர்களும், கலப்பையின் உறுப்புகளும் வயலறிந்தோரிடம் கேட்டன்றி ஒருவர் தொகுக்க இயலாதவை. ஆயினும் பட்டியல் முழுவதும் முக்கூடல் வயலொன்றில் ஒரே பருவத்தில் விளைந்ததாகக் கொள்ளலாகாது. பெயர்களை அடுக்கிக் காட்டுவது பள்ளு வகைக்குரிய மரபு, புலவர் தம் அறிவின் பரப்பைக் காட்டும் இடம் அது.

மெய்ம்மையை ஆராய்வதற்கு மிகவும் சுவையான பகுதி, மழைக்குறி கூறும் பகுதியாகும். நாளை ஆற்றில் வெள்ளம் வரப்போகிறது என்பதற்கு அடையாளங்களாக, மேற்கே மலையாளத் திசையிலும் கிழக்கே ஈழத் திசையிலும் மின்னல் சூழ்வதையும், காற்றடிப்பதையும், கேணித் தவளை கத்துவதையும், நண்டு சேற்றால் வளையை அடைப்பதையும், வானம்பாடி அலைவதையும் புலவர் கூறுகிறார். இவை வெறும் நம்பிக்கையா, கண்டறிந்த உண்மையா?

தவளையும் நண்டும் வலுவற்ற சாட்சிகள். காற்றில் ஈரம் மிகும்போது தவளை கத்துவது உண்மை. ஈரம் மிகுந்த நாளெல்லாம் வெள்ளம் வருவதில்லை. வயல் நண்டு வளைவாயைச் சேறு கொண்டு மூடுவதை உழவர் கண்ணாரக் காண்பர். ஆனால் வறண்ட காலத்தில் உள்ளிருக்கும் ஈரத்தைக் காத்துக்கொள்ளவும் அது அவ்வாறே செய்யும் என்பதால், ஒரே செயல் எதிரான இரு நிலைகளுக்கும் பொதுவாகிவிடுகிறது.

மின்னலின் சான்று வேறு தரத்தது. தாமிரபரணிப் படுகைக்கு இரு பருவமழைகளும் உண்டு: ஆனி, ஆடியில் மேற்குமலையில் பெய்யும் தென்மேற்குப் பருவமழை ஒன்று, ஐப்பசி, கார்த்திகையில் கிழக்குக் கடலிலிருந்து வரும் வடகிழக்குப் பருவமழை மற்றொன்று. கார், பிசானம் என்று இரண்டு நெற்பருவங்கள் இங்கு வழங்குவதற்கும் இதுவே காரணம். கார் கோடையின் முடிவில் தொடங்கும் குறுகிய பருவம், பிசானம் ஐப்பசி முதல் மாசி, பங்குனி வரை நீளும் பெரும் பருவம். ஒரு மழைக்காலம் ஓய்ந்து மற்றொன்று தொடங்கும் இடைக்காலத்தில் மலையோரத்திலும் கடலோரத்திலும் இடிமேகங்கள் திரள்வதால், சமவெளியில் நிற்பவர் இருபுறமும் மின்னலைக் காண்பது இயற்கை. ஆகவே அக்குறி ஒரு மழைநாளைக் காட்டுவதோடு, பிசானத்திற்கு நாற்றுவிட வேண்டிய பருவத்தையும் காட்டுகிறது.

‘நாளை’ என்ற சொல்லும் ஆராயத்தக்கது. பொதிகை மலையில் தோன்றிப் புன்னைக்காயல் அருகே கடலில் சேரும் தாமிரபரணியின் மொத்த நீளம் ஏறத்தாழ 128 கிலோமீட்டர்தான். இன்றிரவு மேற்குமலையில் மின்னுவதை இருளில் நெடுந்தொலைவிலிருந்தே காணலாம். அங்கே பெய்த மழை, அணைகள் கட்டப்படாத அக்காலத்தில், பொருநை வழியாகவும் சிற்றாறு வழியாகவும் பள்ளத்தில் இறங்கிக் கூடல் முகத்தை அடைய ஓரிரவோ அதற்குச் சற்று மேலோ ஆகியிருக்கும். மலையடிவாரத்தில் இருப்பவருக்கு வெள்ளம் நாளைக்கு வருவதன்று, மின்னலோடு கூடவே வருவது; மேற்கே இருக்கும் இன்றைய முக்கூடலுக்கும் சில மணிநேரத்தில் வந்துவிடும். இரவு மின்னலைக் கண்டு மறுநாள் வெள்ளத்தைச் சொல்லும் குறி, ஆற்றின் கீழ்ப்பகுதியில் வாழ்ந்தவர்களின் பட்டறிவோடுதான் நன்கு இசைகிறது. இதனை இடத்தை நிறுவும் சான்றாகக் கொள்ள வேண்டியதில்லை. சிற்றாறே அதற்குப் போதும். ஆனால் புலவர் மழைக்குறியை ஏட்டிலிருந்து எடுக்காமல் அக்கரையில் வாழ்ந்தோரிடமிருந்து பெற்றிருப்பார் என்று நம்ப இது இடந்தருகிறது.

ஈழ மின்னலின் வலிமையை அண்மைக்காலமும் கண்டது. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் குமரிக்கடல் பகுதியில் நிலவிய காற்றுச் சுழற்சியால் தாமிரபரணியின் கீழ்ப்பகுதி முழுவதும் வெள்ளக்காடாயிற்று. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்துக்கு நடுவே நின்றது. ஒரு நாளில் 95 சென்டிமீட்டர் என்ற எண்ணை இன்னும் நூறாண்டு கழித்துத் துணுக்காகப் படிப்பவர் நம்ப மறுப்பார். அப்போது மழைமானியின் பதிவேடு திருமுக்கூடல் கல்வெட்டைப் போலச் சாட்சி சொல்லும்.

ஆற்றைப் பற்றியே உலவும் துணுக்கு ஒன்றையும் குறிப்பிடவேண்டும். தமிழ்நாட்டில் பிறந்து தமிழ்நாட்டிலேயே கடலில் கலக்கும் ஒரே ஆறு தாமிரபரணி என்று மேடைகளிலும் நூல்களிலும் சொல்லப்படுகிறது. வைகை, வைப்பாறு, வெள்ளாறு ஆகியவையும் அவ்வாறே தமிழ்நாட்டு எல்லைக்குள் தோன்றி அவ்வெல்லைக்குள் முடிபவை. செய்தியின் முழு வடிவத்தில் ‘வற்றாத’ என்றோர் அடை இருந்தது. அது இருக்கும்வரை செய்தி சரியானது, அது உதிர்ந்ததும் தவறானது. என்னயினாப் புலவர் செய்தியில் முற்பாதி உதிர்ந்ததும் இங்கு ஒரு சொல் உதிர்ந்ததும் ஒரே வகைத் தேய்மானம்.

பள்ளின் பெருமையைச் சீவலப்பேரிக்குத் திருப்பிக் கொடுத்தபின் இன்றைய முக்கூடலுக்கு என்ன எஞ்சுகிறது என்று கேட்கலாம். அதற்கும் தன் வரலாறு உண்டு, அதிலும் ஒரு வியப்பு உண்டு. சொக்கலால் ராம்சேட் என்ற பீடியின் பெயரைக் கேட்போர் அதனை வடநாட்டு வணிகர் எவரோ தொடங்கிய நிறுவனத்தின் சரக்கு என்றே எண்ணுவர். லால், சேட் ஆகிய ஒலிகள் அவ்வெண்ணத்தை ஊட்டுகின்றன. உண்மையில் அது முக்கூடலில் வேர்கொண்ட தமிழ்நாட்டு நிறுவனம். பீடித் தொழில் மத்திய இந்தியாவிலும் குஜராத்தியர் கையிலும் வளர்ந்து தெற்கே வந்தது என்பதை நினைத்தால், வடபுலத்துப் பெயருக்குச் சந்தையில் ஏன் மதிப்பிருந்தது என்பது விளங்கும். ஊர்ப்பெயரால் பள்ளு தவறான முகவரிக்குச் சென்றதுபோல, சரக்கின் பெயரால் இப்பீடி தவறான முகவரிக்குச் செல்கிறது.

அந்த முகவரியில் இருப்போர் பெண்கள். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா காடுகளிலிருந்து வரும் தெந்து மரத்தின் இலையை நீரில் நனைத்து, அளவாகக் கத்தரித்து, புகையிலைத் தூளை வைத்துச் சுருட்டி, வாயை மடக்கி, நூலால் கட்டும் வேலையை முக்கூடலிலும் அதன் சுற்றூர்களிலும் பெண்கள் தலைமுறை தலைமுறையாக வீட்டுத் திண்ணையில் செய்து வருகிறார்கள். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படும். வீட்டிலிருந்து சுற்றுவோரையும் தொழிலாளர் என்று ஏற்று அவர்களுக்கு உரிமை வகுத்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் 1966இல்தான் வந்தது. அவர்களுக்கான நலநிதிச் சட்டம் அதன்பின் பத்தாண்டு கழித்து 1976இல் வந்தது. முக்கூடற் பள்ளியும் மருதூர்ப் பள்ளியும் நட்ட நாற்றின் பெயரெல்லாம் ஏட்டில் இருக்கிறது. மடியில் சுளகை வைத்துப் பொழுது சாய்வதற்குள் ஆயிரத்தை எட்டிப்பிடிக்க முயலும் முக்கூடல் பெண்களின் இலைவெட்டுக்கும் விரல்மடிப்புக்கும் அவர்களிடையே வழங்கும் சொற்களை அவ்வளவு அக்கறையோடு தொகுத்து எழுதும் வேலை இன்னும் செய்யப்பட வேண்டியதாகவே இருக்கிறது.